“ஏ என்றால் நல்லதுதானே?”

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 38 வயது. காண்ட்ரேக்டரிடம் குலை வெட்டும் வேலை பார்த்தார். 5 மாதத்துக்கு முன்னால் விடிகாலையில் வேலைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கால்வாயில் விழுந்து முதுகு ஒடிந்துவிட்டது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். நெஞ்சுக்குக் கீழே உணர்வே இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் ‘டி 5, ஏ’ என்று எழுதியிருக்கிறது. பரீட்சையில் ஏ வாங்கினால் நல்லது. இதுவும் நல்லதுதானே?

2 மாதமாகக் கால் தானாகத் துடிக்கிறது, மடங்குகிறது. உயிர் வருகிறது என்கிறார் மாமியார். ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, 48 நாள் எண்ணெய் போட்டு உருவினால் நடக்க வைத்துவிடுவேன், 3,500 வெள்ளி ஆகும் என்கிறார். நகையை அடகு வைக்கலாமா?

மூத்திர டியூப் இன்னும் போட்டபடியே இருக்கிறது. அந்தப் பை நிறைவதைப் பார்க்க வெட்கப்பட்டுத் தண்ணீரே குடிக்க மாட்டார். சில நாள் காலையில் தலை வெடிக்கிறது என்பார், முகம் வேர்த்துக் கொட்டும். பெனடால் கொடுத்துப் படுக்க வைப்பேன். இடுப்புக்குக் கீழே 50 காசு அளவுக்கு ஒரு கறுப்பு விழுந்திருக்கிறது. ரோட்டில் நடந்த விபத்துக்கு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பணம் கிடையாது என்று காண்ட்ரேக்டர் சொல்லிவிட்டார்.

மகள் தமிழ்ப்பள்ளியில் 4-ஆம் ஆண்டு படிக்கிறாள். பரிசளிப்பு விழாவுக்கு அப்பா வரணும் என்று கேட்டாள். இவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொன்றும் கேட்க வேண்டும், வெட்கமாக இருக்கிறது. கணவன் மனைவி என்ற உறவு எங்களுக்கு இனிமேல் இல்லையா?

பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

ஏ-யைப் பற்றியும் நகையைப் பற்றியும்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: தலை வெடிக்கிறது, முகம் வேர்க்கிறது, பெனடால் கொடுத்துப் படுக்க வைக்கிறேன் என்று. அதைப் படித்த அன்றைக்கே நீங்கள் கொடுத்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசினேன். இதே நிலைமையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

தண்டுவடத்தில் டி 6 என்ற இடத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. உங்கள் வீட்டுக்காரருக்கு டி 5, அதாவது நெஞ்சுப் பகுதியில் அதற்கு ஒரு படி மேலே. காயத்துக்குக் கீழே உடம்பை ஏதோ ஒன்று உறுத்துகிறது. பெரும்பாலும் அது நிறைந்துபோன மூத்திரப்பை, இல்லாவிட்டால் இறுகிய மலம், சில சமயம் புண். அவருக்கு அது தெரியாது. ஆனால் கீழே இருக்கும் இரத்தக் குழாய்களெல்லாம் அந்த உறுத்தலுக்கு ஒரேயடியாகச் சுருங்கிக்கொள்கின்றன. பிரஷர் ஏறுகிறது. ‘சரி, தளர்ந்துகொள்’ என்று மூளை அனுப்பும் உத்தரவு காயத்தைத் தாண்டிக் கீழே போவதில்லை. அதனால்தான் மேலே மட்டும் முகம் சிவக்கிறது, வேர்க்கிறது, தலை வெடிக்கிறது. மருத்துவத்தில் இதற்கு ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று பெயர். கவனிக்காமல் விட்டால் மூளையில் இரத்தக் குழாயே வெடிக்கலாம்.

தலைவலி என்றதும் படுக்க வைக்கத்தான் நமக்குத் தோன்றும். இவரைப் படுக்க வைத்தால் பிரஷர் இன்னும் ஏறும். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைக் கீழே தொங்கவிடுங்கள். இடுப்பு வார், பேம்பர்ஸ், காலில் பையைக் கட்டியிருக்கும் பட்டி என்று இறுக்கமாக இருக்கிற எல்லாவற்றையும் தளர்த்துங்கள். அப்புறம் டியூபைப் பாருங்கள். மடங்கியிருக்கிறதா, பை நிறைந்து தளும்புகிறதா, இரவு முழுக்கப் பை காலியாகவே கிடந்து டியூப் அடைத்துக்கொண்டதா? காலையில்தான் அதிகம் வருகிறது என்று நீங்கள் சொல்வதால் எனக்கு டியூப் மேல்தான் சந்தேகம். தண்ணீர் குடிக்காதவரின் மூத்திரம் கெட்டியாகி, கசடு சேர்ந்து டியூபை அடைக்கும். அடைப்பை உங்களால் எடுக்க முடியவில்லை என்றாலோ, எல்லாம் சரியாக இருந்தும் தலைவலி குறையவில்லை என்றாலோ, யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வையுங்கள். இவரைப் போன்றவர்களுக்குச் சாதாரண நாளிலேயே மேல் எண் 90-லிருந்து 110-க்குள்தான் இருக்கும். அவருக்கு 140 என்பது மற்றவர்களுக்கு 180 மாதிரி. எமர்ஜென்சியில் இருக்கும் சின்ன டாக்டர் 140-ஐப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று சொல்லலாம். அதனால் ஓர் அட்டையில், ‘டி 5 தண்டுவடக் காயம், ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா, வழக்கமான பிரஷர் இவ்வளவு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி அவருடைய அடையாள அட்டையோடு வைத்துவிடுங்கள். போனில் பேசும்போது மகளையே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது அந்தக் கறுப்பு. நம் தோல் நிறத்தில் படுக்கைப்புண்ணின் ஆரம்பம் சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பவும் பழைய நிறத்துக்கு வந்தால் பிழைத்தோம். நிறம் மாறாமல் அப்படியே இருந்தால் உள்ளே சதை கெட ஆரம்பித்திருக்கலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது இரண்டாவது வகை போலத் தெரிகிறது. அந்த இடம் மெத்தையையும் நாற்காலியையும் தொடவே கூடாது, ஆறும் வரைக்கும். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதி சாய்ந்த மாதிரி வைத்தால் போதும், முழுக்க ஒருக்களிக்க வைத்தால் இடுப்பெலும்பு அழுத்தும். நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தை வாங்க வேண்டாம். அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். கறுத்த இடத்தைத் தேய்க்கவும் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், கிளினிக் நர்ஸுக்கு அதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது. தோல் உரிந்தாலோ, நீர் கோத்தாலோ, நாற்றம் வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

புண்ணுக்கு ஆகாது என்று முட்டையையும் மீனையும் நிறுத்தியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான் செய்வார். ஆனால் சதை வளரப் புரதம் வேண்டும். முட்டை, கெம்போங் மீன், பருப்பு, கோழி எல்லாம் கொடுங்கள்.

சரி, இப்போது அந்த ஏ.

அது பள்ளிக்கூடத்து ஏ இல்லை, தங்கச்சி. அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கம் வகுத்த அளவுகோலைத்தான் உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் ஏ முதல் இ வரை 5 நிலை. இ என்றால் பழையபடி ஆகிவிட்டார் என்று பொருள். ஏ என்றால், தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் வந்து சேரும் மலவாய் வரைக்கும் உணர்வும் இல்லை, அசைவும் இல்லை என்று பொருள். டி 5-இல் ஏ என்று எழுதி 5 மாதம் ஆன பிறகு சொந்தக் காலில் எழுந்து நடந்தவர்கள் மிக மிகச் சிலர். நடக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டுதான் நீங்கள் இனி ஒவ்வொரு திட்டமும் போட வேண்டும். இதை யாராவது ஒருவர் உங்களை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். ஒரு தாளில் ஓர் எழுத்தாக நீங்கள் படிக்க நேர்ந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த தடவை ஈப்போவுக்குப் போகும்போது அந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். காயம் பட்ட புதிதில் தண்டுவடம் முழுக்க அதிர்ச்சியில் இருக்கும், அப்போது எழுதியது பிறகு மாறியிருக்கலாம். மலவாயைச் சுற்றிக் குத்துவதோ தொடுவதோ அவருக்குத் தெரிந்தால் அது பி. பி என்றால் நரம்பில் கொஞ்சமாவது வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். மீட்சியில் பெரும்பங்கு முதல் 6 மாதத்திலும், மிச்சம் மெதுவாக ஒன்றிரண்டு வருடத்திலும் வரும். அதனால் இன்னும் பார்க்க இடமிருக்கிறது. ஆனால் அதை நம்பி மற்ற வேலைகளைத் தள்ளிப்போட இடமில்லை.

கால் துடிக்கிறதே என்பீர்கள். தோட்டத்து ஆபீசிலிருந்து லயத்துக்கு வரும் டெலிபோன் கம்பி அறுந்துபோனதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் உத்தரவு லயத்துக்கு வராது. ஆனால் லயத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவர் வழியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொள்வார்கள் இல்லையா? கால் துடிப்பது அதுதான். காயத்துக்குக் கீழே இருக்கும் நரம்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. அடிபட்ட சில வாரம் அவையும் அதிர்ச்சியில் மௌனமாக இருந்தன, இப்போது விழித்துக்கொண்டன. சோதித்துப் பார்க்க வேண்டுமா? கால் பெருவிரலை இப்போது ஆட்டுங்கள், இப்போது நிறுத்துங்கள், திரும்ப ஆட்டுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபோது ஆட்டி, சொன்னபோது நிறுத்தினால் உடனே எனக்கு எழுதுங்கள், சந்தோஷமாக என் வார்த்தையை மாற்றிக்கொள்கிறேன். தானாகத் துடிப்பது மீட்சி ஆகாது.

அதற்காக அது பகையும் இல்லை. அந்தத் துடிப்பு சதை ரொம்ப வற்றிப்போகாமல் காக்கிறது. அதோடு உங்களுக்கு அது ஒரு மணியும்கூட. திடீரென்று ஒரு நாள் வழக்கத்தைவிட அதிகமாகத் துடித்தால், எங்கோ புண்ணோ, மூத்திரக் கிருமியோ, மலச்சிக்கலோ இருக்கிறது என்று தேடுங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இழுத்தால் பேக்லோஃபென் மாத்திரை தருவார்கள். ஆரம்பித்தால் அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரும்.

நகையை வைக்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

சில வருடத்துக்கு முன்னால் பீடோர் பக்கத்திலிருந்து ஓர் இளைஞரை என்னிடம் பயிற்சிக்குக் கொண்டுவந்தார்கள். இவரைப் போலவே நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை, காயம் பட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. இடது தொடை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். உருவும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டதாம். எலும்பு நகர்ந்து சரியான இடத்துக்கு வருகிறது என்று உருவியவர் சொன்னாராம். வலியே இல்லாததால் இவரும் நம்பி, அதற்கப்புறமும் 4 நாள் காலைக் கொடுத்திருக்கிறார். தொடையெலும்பு இரண்டாக முறிந்திருந்தது. பாரம் தாங்காத எலும்பு முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே வேகமாகச் சத்து இழந்துவிடும், கொஞ்சம் முரட்டுத்தனமாகத் திருப்பினாலே முறியும். அந்தப் பையன் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “அக்கா, இது என் கால்தானா?” என்று கேட்டான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

எலும்பு மட்டும் இல்லை. அசையாத காலில் இரத்தம் உறைந்து கட்டி பிடித்திருக்கலாம். உருவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம், சில நிமிடத்தில் உயிரே போகலாம். வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு கெண்டைக்காலையும் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். ஒன்று மற்றதைவிடப் பெருத்துச் சூடாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இடுப்பு மூட்டைச் சுற்றிச் சதைக்குள்ளேயே எலும்பு வளர்கிற ஒரு சிக்கலும் இந்த மாதங்களில்தான் வரும். மூட்டை வலுக்கட்டாயமாக மடக்கினால் அது மோசமாகும். காய்ச்சிய எண்ணெயும் சுடுநீர்ப் பையும் எவ்வளவு சூடு என்பது அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகு நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் மாமியாரை நினைத்தால்தான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. பெற்ற பிள்ளை கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார எந்தத் தாயாலும் முடியாது. அவருக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். காலையிலும் இரவிலும், மகனின் குதிகாலை ஓர் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, முன்கையால் பாதத்தை மெதுவாக மேல்நோக்கிச் சாய்த்து, 30 எண்ணும் வரை பிடித்திருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 5 தடவை. முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டட்டும். எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பாதம் கீழ்நோக்கி இறுகிப்போய், நாளைக்கு வீல்சேரின் மிதியில் நிற்காது. தேங்காய் எண்ணெய் தடவ ஆசைப்பட்டால் தோல் வறளாமல் லேசாகத் தடவட்டும். மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளட்டும். அந்தக் கையும் அந்த வேண்டுதலும் இந்த வீட்டுக்கு வேண்டியவைதான்.

இப்போது டியூப். எனக்கு முக்கியமானது இது. வீட்டுக்கு வந்து இத்தனை மாதமாக டியூப் உள்ளேயே இருப்பது அவருக்கு அவமானம் மட்டும் இல்லை, கிருமிக்கும் கல்லுக்கும் வாசல். ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களைக் கொன்றது முதுகுக் காயம் இல்லை, கெட்டுப்போன சிறுநீரகம். அந்த நிலைமையை மாற்றியதில் பெரிய பங்கு ஒரு சின்ன வழிமுறைக்கு உண்டு. தேவைப்படும்போது மெல்லிய டியூபைத் தானே உள்ளே விட்டு, மூத்திரத்தை வடித்துவிட்டு, வெளியே எடுத்துவிடுவது. அதற்கு ஆபரேஷன் அறையின் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்று ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1970-களின் தொடக்கத்தில் செய்து காட்டினார். முதலில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு கையும் முழுசாக வேலை செய்கின்றன. குலை வெட்டிய கை. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரே செய்துகொள்ளலாம், ஒரு தடவை 400, 500 மில்லிக்கு மேல் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். இடையில் கசிந்தால் மூத்திரப்பையைத் தளர்த்தும் மாத்திரை இருக்கிறது. ஆரம்பத்தில் கை நடுங்கும். சில நாள் பழகினால் கழிவறைக்குள் 10 நிமிட வேலை. பையைத் தொங்கவிட வேண்டாம், நீங்கள் காலி செய்ய வேண்டாம், தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஈப்போவில் யூரோலஜியிலோ மறுவாழ்வு மருத்துவப் பிரிவிலோ ‘சுயமாக டியூப் போடக் கற்றுக்கொடுங்கள்’ என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பவர்களுக்குத்தான் சீக்கிரம் கிடைக்கிறது. அதுவரைக்கும் இருக்கிற டியூபுக்கு நாளைக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் போக வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எடுக்கவும் மறக்காதீர்கள்.

மலம் கழிப்பதற்கும் இதே மாதிரி நேரம் பிடிக்கலாம். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், பசியாறி அரைமணி நேரம் கழித்து, ஒரே நேரத்தில். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அந்த அசைவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விவரத்தை நர்ஸ் செய்து காட்டுவார். வேளை பழகிவிட்டால் பேம்பர்ஸுக்கும் பெரும்பாலும் விடை கொடுத்துவிடலாம்.

டி 5-இல் அடிபட்ட ஒருவர் தானாகக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறலாம், குளிக்கலாம், உடுத்தலாம், சமைக்கலாம், கையால் ஓட்டும் கருவி பொருத்திய காரை ஓட்டலாம். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் இப்போது மைவி கார் ஓட்டிக்கொண்டு தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோவுக்கு வருகிறார். முதல் மாதம் அவரும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார். கட்டிலுக்கும் வீல்சேருக்கும் நடுவில் ஒரு வழுவழுப்பான பலகையைப் போட்டு, இடுப்பைத் தூக்கித் தூக்கி நகர வேண்டும். முதல் நாள் ஓர் அங்குலம் நகர்ந்தார். நெற்றியில் வியர்வை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் நான் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, “மிஸ், திரும்பிப் பாருங்க” என்றார். வீல்சேரில் உட்கார்ந்திருந்தார். யாரும் பிடிக்கவில்லை.

இதற்கு வீட்டில் மாதம் ஒரு பிசியோ போதாது, தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை சுகாதார அமைச்சுடையது, ஈப்போ டாக்டர் கடிதம் கொடுத்தால் போகலாம். மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அதற்கு சொக்சோ கோரிக்கையை முதலில் நேராக்க வேண்டும்.

காண்ட்ரேக்டர் சொன்னது தவறு. 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், வேறெங்கும் சுற்றாமல் போகும்போது நடந்த விபத்தும் வேலை விபத்துதான். போலீஸ் ரிப்போர்ட், வீட்டிலிருந்து வேலைக்காட்டுக்குப் போகும் பாதையைக் கையால் வரைந்த படம், அன்றைக்கு அவருக்கு வேலை இருந்ததற்கு அத்தாட்சி, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நீங்களே ஈப்போ சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். காண்ட்ரேக்டர் அவர் பெயரைப் பதியவே இல்லை என்று தெரிந்தால் அதையும் அங்கேயே புகாராகச் சொல்லுங்கள். பதியாதது முதலாளியின் குற்றம், தொழிலாளியுடையது ஆகாது. எம்.சி.யில் இருக்கும் காலத்துக்குத் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு வர வேண்டும். பிறகு மருத்துவக் குழு நிரந்தர ஊனத்தை மதிப்பிடும். முழு ஊனம், எப்போதும் ஓர் ஆள் துணை வேண்டும் என்று முடிவானால் பராமரிப்புக்கு மாதம் 500 வெள்ளி தனியாக உண்டு. இத்தனை மாதம் நீங்கள் செய்த வேலைக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் அது, கேட்டு வாங்குங்கள். கோல கங்சார் சமூகநல இலாகாவில் ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டைக்கும் பதிந்துவிடுங்கள். அரசாங்க டாக்டர் பாரத்தை நிரப்பித் தருவார்.

வீல்சேர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. யாராவது நன்கொடையாகக் கொடுக்கும் ஆஸ்பத்திரி வீல்சேர், போகவர உதவும், அவ்வளவுதான். அவர் இடுப்பை அளந்து வாங்க வேண்டும், கூடவே நல்ல காற்று மெத்தையோ ஜெல் மெத்தையோ வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது கால்மணி, அரைமணிக்கு ஒரு தடவை முன்னால் நன்றாகக் குனிந்து 2 நிமிடம் இருக்கப் பழக்குங்கள். இன்னொன்று, உச்சி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அவரை விடாதீர்கள். நெஞ்சுக்குக் கீழே அவருக்கு வேர்க்காது, உடம்புச் சூடு ஏறிவிடும். காற்றாடியும் ஈரத் துண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

கடைசியாகக் கேட்டதற்கு ஏன் வெட்கம்? இந்த வயதில் ஒரு மனைவி கேட்க வேண்டிய கேள்விதான் அது. உறவு முடிந்துவிடவில்லை. உடம்பு பழையபடி நடந்துகொள்ளாது, ஆனால் அதற்கு மருந்து இருக்கிறது. குழந்தை வேண்டும் என்றாலும் மருத்துவ உதவியோடு முடியும். நான் முதலில் சொன்ன அந்தத் தலைவலி இந்த நேரத்திலும் வரக்கூடும் என்பதால் டாக்டரைக் கேட்காமல் கடையில் மாத்திரை வாங்க வேண்டாம். மறுவாழ்வு டாக்டர்கள் இதைத் தினமும் பேசுகிறவர்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். இதைவிட முதல் வேலை ஒன்று இருக்கிறது. பகல் முழுக்க அவருக்கு நீங்கள் நர்ஸ். டியூப் வேலையை அவர் கையில் கொடுத்துவிட்டால் ராத்திரியிலாவது மனைவியாகப் பக்கத்தில் உட்காரலாம். தோளும் கழுத்தும் முகமும் அவருக்கு முழு உணர்வோடுதான் இருக்கின்றன.

அவர் பேசாமல் கிடப்பது வாரக்கணக்கில் நீடித்தால், சாப்பிடாவிட்டால், செத்துப்போகலாம் என்ற மாதிரிப் பேச்சு வந்தால், அது சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. அதற்கும் சிகிச்சை உண்டு, டாக்டரிடம் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

இப்போது மகளின் பள்ளி விழா விஷயத்துக்கு வருகிறேன். முதலில் புண் ஆற வேண்டும், டாக்டர் உட்காரலாம் என்று சொல்ல வேண்டும். அதற்குள் டியூப் போடவும் கற்றுக்கொண்டுவிடுவார். தலைமை ஆசிரியரிடம் இப்போதே பேசி, மேடைக்குப் பக்கத்தில் படியில்லாத இடமாக ஒன்று கேளுங்கள். வாசலில் ஒரு சாண் உயரப் படி இருந்தால் ஏறக்குறைய 3 மீட்டர் நீளத்துக்குச் சரிவுப் பலகை வேண்டும், அதைவிடக் குட்டையாக இருந்தால் வீல்சேர் பின்னால் கவிழும். தோட்டத்தில் தச்சு வேலை தெரிந்த ஒருவரிடம் சொன்னால் ஒரு நாளில் அடித்துவிடுவார். அவரிடம் “விழாவுக்கு வாங்க” என்று கெஞ்ச வேண்டாம், கணக்கை மட்டும் சொல்லுங்கள். காலை 7.30-க்கு டியூப் போட்டு எடுத்துவிட்டுக் கிளம்பினால் 11.30 வரைக்கும் கவலையில்லை. விழா 11-க்கு முடிந்துவிடும்.